ஒரு கை குறைகிறது

கம்பு கல்லூரியில் சேர்ந்து முதல் பருவத்தில் பாதி ஓடிவிட்டது. இதுவரை சக மாணவர்கள் அவனிடம் பேசியதெல்லாம் ஒரே வாக்கியம்தான். "கொஞ்சம் குனிஞ்சு உக்காருங்க, போர்டு தெரியல." அவனும் குனிந்தான். முதுகு வலித்ததே ஒழிய, சிநேகம் எதுவும் கிடைக்கவில்லை.

கம்பு என்பது ஒட்டடைக்கம்பின் சுருக்கம். வீட்டில் அக்கா வைத்த பெயர். எந்த வாசலிலும் தலையைச் சாய்த்துத்தான் நுழைய வேண்டும், அப்படி ஒரு உயரம். விடுதி அறையில் அவனோடு தங்கியிருந்தவன் இரண்டாவது வாரமே வேறு அறைக்கு மாறிப்போனான். சண்டையெல்லாம் இல்லை. கம்புவின் கால்கள் கட்டிலைத் தாண்டி நடைபாதைக்கு வந்துவிடுகின்றன என்பதுதான் காரணம்.

அக்கா அடிக்கடி போனில் கூப்பிடுவாள். "ஃப்ரெண்ட்ஸ் யாராவது கிடைச்சாங்களாடா?"

"நிறைய பேர் இருக்காங்க."

"ஒருத்தர் பேரைச் சொல்லு பாப்போம்."

"இரு, கூப்பிடறாங்க. அப்புறம் பேசறேன்."

யாரும் கூப்பிடவில்லை என்று அக்காவுக்கும் தெரியும். பருவத் தேர்வு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், மாமாவின் கண்ணாடிக் கடையில் சேர்ந்துவிடுவது என்று கம்பு முடிவு செய்து வைத்திருந்தான். கண்ணாடிக் கடையில் உயரமான ஆளுக்கு எப்போதும் வேலை இருக்கும்.

அந்த நேரத்தில்தான் மாணவர் ஈடுபாட்டு மையத்திலிருந்து அழைப்பு வந்தது.

கல்லூரியிலேயே புதிய கட்டடம் அந்த மையம்தான். நூலகத்தில் மழை ஒழுகும், ஆய்வுக்கூடத்தில் குழாய் வராது. மையத்தில் மட்டும் குளிரூட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். சுவர் முழுக்கக் கைகோத்தவர்களின் படங்கள். வாசலில் 'இங்கே யாரும் தனியாக இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அதற்குக் கீழே கம்பு வெகு நேரம் தனியாக உட்கார்ந்திருந்தான்.

மையத்தின் இயக்குநருக்குச் சிரித்த முகம். வருத்தமான செய்தியைச் சொல்லும்போதும் அந்தச் சிரிப்பை அவரால் எடுக்க முடியாது.

"உக்காருங்க தம்பி. நீங்க தனிமையா இருக்கறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

கம்பு நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். இத்தனை நாளில் ஒருவராவது கேட்டாரே. "ஆமா சார். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு."

"எப்படி இருக்கலாம்?"

"சார்?"

"இந்தக் கல்லூரியில தனிமையைப் போன வருஷமே ஒழிச்சாச்சு. முதல்வர் மேடையிலேயே அறிவிச்சாரு. இப்ப நீங்க வந்து தனிமையா இருந்தா, அறிவிச்சவரு முகத்தை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு? உங்க வருத்தம் எனக்குப் புரியுது. என் வருத்தம் உங்களுக்குப் புரியுதான்னு யோசிங்க. மதிப்பீட்டுக் குழு வரப்போறாங்க. மாணவர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு சமூகம், ஒரு வாழ்க்கை நோக்கம். ரெண்டையும் தேர்வுக்கு முன்னாடி அடைஞ்சிருக்கணும். அடையாதவங்களைத் தேர்வறைக்குள்ள விடறதில்லை."

"நோக்கம் கிடைக்கலேன்னா சார்?"

"அடுத்த பருவத்துல திரும்பத் தேடணும்" என்றார் இயக்குநர். "பின்னாடி கூடத்துல சங்கங்கள் இருக்கு. போய் ஒண்ணுல சேருங்க. சேர்ந்ததும் சந்தோஷமா இருங்க. அதை நாங்க கணக்குல எடுத்துக்குவோம்."

கூடத்தில் மேஜை மேஜையாகச் சங்கங்கள் உட்கார்ந்திருந்தன. மரம் நடுவோர் சங்கம், இரத்ததானச் சங்கம், வாசிப்பு வட்டம், விழிப்புணர்வுப் பேரவை. எல்லா மேஜைக்கும் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கூட்டம். முன்னால்தான் யாரும் இல்லை. கம்பு போய் நின்றது 'தோள் கொடுப்போம்' என்ற சேவைச் சங்கத்தின் மேஜை. அதன் தலைவன் மூன்றாம் ஆண்டு மாணவன். தோளிலிருந்து இடுப்புவரை பட்டுப்பட்டை ஒன்றைக் குறுக்காகப் போட்டிருந்தான்.

"என்ன பதவி வேணும்?" என்று கேட்டான்.

"பதவியெல்லாம் வேண்டாங்க. சும்மா சேர்ந்துக்கறேன்."

"சும்மான்னா?"

"உறுப்பினரா."

மேஜைக்குப் பின்னால் எல்லோரும் நிமிர்ந்தார்கள். பதாகைச் செயலாளன் பதாகை இணைச் செயலாளனைப் பார்த்தான். இருக்கை ஒருங்கிணைப்பாளன் எழுந்து தன் இருக்கையைக் கொடுத்தான்.

"வெறும் உறுப்பினராவா?" தலைவனின் குரல் தழுதழுத்தது. "உங்களை எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா?"

விஷயம் இதுதான். மையம் கொடுக்கும் சான்றிதழில் 'வகித்த பொறுப்பு' என்று ஓர் இடம் உண்டு. அதைக் காலியாக விட யாருக்கும் மனம் வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் பொறுப்பு கொடுத்துக் கொடுத்து, சங்கங்களில் இப்போது பொறுப்பாளர்கள் மட்டுமே இருந்தார்கள். ஆனால் சங்கம் என்று இருந்தால் ஓர் உறுப்பினராவது இருக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு நாளும் எல்லாச் சங்கங்களும், எப்போதோ படிப்பை முடித்துப் போய்விட்ட ஒரு பழைய மாணவனின் பெயரை வைத்துச் சமாளித்து வந்தன. அவனோ கல்யாணமாகி, ஒரு குழந்தைக்கும் அப்பாவாகி, 'இனிமேலாவது என்னை விட்டுவிடுங்கள்' என்று செய்தி அனுப்பிவிட்டான்.

சாயங்காலத்துக்குள் கம்பு எல்லாச் சங்கங்களுக்கும் உறுப்பினன் ஆகியிருந்தான். கல்லூரி முழுக்க அவன் ஒருவன்தான் உறுப்பினன். 'உறுப்பினர்' என்றே அவனைக் கூப்பிடத் தொடங்கினார்கள்.

அவன் வாழ்க்கையே மாறிப்போயிற்று. தினமும் ஒரு கூட்டம், சில நாள் இரண்டு. மேடையில் ஆள்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கீழே வரிசை வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் கம்பு மட்டும் இருப்பான். "அன்பார்ந்த உறுப்பினர்களே" என்று தலைவன் பன்மையில் தொடங்கி, இடதுபக்கக் காலி நாற்காலிகளை ஒரு பார்வை, வலதுபக்கக் காலி நாற்காலிகளை ஒரு பார்வை பார்ப்பான். கைதட்டல் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று தலைவன் குறைபட்டதால், பேச்சின் பாதியில் கம்பு எழுந்துபோய் மறுபக்கத்திலிருந்தும் தட்டிவிட்டு வருவான்.

"கேள்வி ஏதாவது?" என்று ஒருநாள் கேட்டார்கள்.

"நாம எப்பங்க வேலைக்குப் போறோம்?"

மேடையில் கலந்து பேசினார்கள். நல்ல கேள்வி என்று பாராட்டி, அதை ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். துணைக்குழுவுக்கும் உறுப்பினன் வேண்டுமே. கம்புவைப் போட்டார்கள்.

கூட்டத்தின் கடைசியில் எப்போதும் ஒரு பெண் எழுந்து நன்றி சொல்வாள். இரண்டாம் ஆண்டு மாணவி. நன்றியுரைச் செயலாளர் என்பது பதவி, நன்றியுரை என்பதே பெயராகிவிட்டது. தலைவனுக்கு நன்றி, ஒலிபெருக்கிக்கு நன்றி, மின்சாரத்துக்கு நன்றி என்று வரிசையாகச் சொல்லி, "இறுதியாக, திரளாக வந்திருந்த உறுப்பினருக்கு நன்றி" என்பாள். அப்படிச் சொல்லும்போது மட்டும் அவள் உதட்டோரம் ஏதோ துடிக்கும். அது சிரிப்பா என்று கம்புவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

துணைக்குழு ஒருவழியாக முடிவுக்கு வந்தது. ஊர் எல்லையிலிருந்த முதியோர் இல்லத்துக்குச் சேவை செய்யப் போவது. ஒரு பேருந்து நிறையப் பொறுப்பாளர்கள் ஏறினார்கள். பதாகைக்கு ஓர் இருக்கை ஒதுக்கியதால் கம்பு நின்றுகொண்டே போனான். நின்றான் என்று சொல்வதும் தவறு. கூரை அவனை நிற்க விடவில்லை.

இல்லத்தின் கூடத்தில் பெரியவர்கள் கட்டில்களில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சலிப்போடு கையை நீட்டினார். "என்ன, நகம் வெட்டறதா? காலையில ஒரு காலேஜ் வந்து வெட்டிட்டுப் போயிட்டாங்க. நேத்து ஒரு காலேஜ். இனிமே வெட்டினா ரத்தம்தான் வரும்."

"நாங்க போர்வை கொடுக்க வந்திருக்கோம் ஐயா" என்றான் தலைவன்.

"பேச்சு உண்டா?"

"உண்டு."

"சரி, ஆரம்பிங்க. எதுவா இருந்தாலும் வேகமா முடிஞ்சா நல்லது."

போர்வையை முதலில் கண்டக்டரிடம் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் கண் மூடியிருந்தது. வாங்கி மறுபடி கொடுத்தார்கள். இப்போது தலைவன் கண் மூடியிருந்தான். மூன்றாம் தடவை எல்லோரும் கண்ணைத் திறந்திருந்தார்கள், போர்வையைத்தான் காணோம். கண்டக்டர் அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டார்.

தலைவன் பேசத் தொடங்கினான். "முதுமை என்பது என்ன?" என்று கேட்டான். அது என்ன என்று நன்றாகத் தெரிந்தவர்கள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவனுக்குப் பின்னால் நின்ற கம்புவை ஒரு பல் டாக்டர் கையசைத்துக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற டாக்டர். அவர் வாயில் இருந்ததெல்லாம் கட்டிய பல்.

"தம்பி, அந்த ஃபேன் எட்டுமா உங்களுக்கு? ரொம்ப நாளா யாரும் துடைக்கல. சுத்தினா எங்க மேலதான் கொட்டுது."

கம்பு கையை உயர்த்தினான். எட்டியது. ஈரத்துணியை வாங்கித் துடைத்தான். வருடக்கணக்கான தூசி, முதுமையின் மூன்றாவது இலக்கணத்தைச் சொல்லிக்கொண்டிருந்த தலைவன் தலையில் பொத்தென்று விழுந்தது. அன்று முதல் முறையாகக் கூடம் கைதட்டியது.

"உங்களுக்குச் சீட்டாடத் தெரியுமா?" என்று கேட்டாள் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள். நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். அவள் விரலில் சீட்டுக்கட்டு ஒருமுறை விரிந்து மடங்கியது.

"கொஞ்சம் தெரியும்மா."

"எங்களுக்கு ஒரு கை குறையுது. நாலாவதா ஒருத்தர் இருந்தாரு. மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். நல்ல மகன்தான். ஆனா ஆட்டத்தோட நடுவுலயா வந்து கூப்பிடுவாங்க?"

கம்பு உட்கார்ந்தான். தட்டச்சம்மாவுக்கு அவன் ஜோடி. முதல் ஆட்டத்திலேயே துருப்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சீட்டை இறக்கினான்.

"ஏம்ப்பா, துருப்பை வச்சுக்கிட்டு என்ன பண்ற? குஞ்சு பொரிக்கப் போகுதா?" என்றாள் தட்டச்சம்மா.

"எங்க பஸ்ஸா இருந்தா இந்நேரம் இறக்கி விட்டிருப்பேன்" என்றார் கண்டக்டர். எழுந்து வந்து அவரும் ஒரு கையாக உட்கார்ந்திருந்தார்.

"திட்டாதீங்க, பையன் ஓடிடப்போறான்" என்றார் பல் டாக்டர். "ஓடினாலும் பிடிக்க நமக்குக் கால் இல்லை."

கம்பு ஓடவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவனை யாரும் உரிமையோடு திட்டியதில்லை. அடுத்த ஆட்டத்திலும் தோற்றான். அதற்கும் திட்டினார்கள். காது சிவக்க, வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது, நன்றியுரை பக்கத்துக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்லும் நேரம் எப்போதோ கடந்துபோயிருந்தது. திரும்பும்போது பேருந்தில் அவள் அவனருகே வந்து நின்றாள்.

"அடுத்த வாரமும் வருவீங்களா?"

"கூப்பிட்டிருக்காங்க. கை குறையுதாம்."

"நானும் வரட்டுமா? எனக்கு நல்லா ஆட வரும். இங்க வந்ததுக்கு அப்புறம் நன்றி சொல்லிச் சொல்லியே வாய் வலிக்குதுங்க. ஒரு நாளாவது யாருக்கும் நன்றி சொல்லாம இருக்கணும்."

சனிக்கிழமைதோறும் இருவரும் போனார்கள். பதாகையும் போகவில்லை, படமும் எடுக்கவில்லை. ஆட்டம் இல்லாத நேரத்தில் கம்பு மற்ற அறைகளின் ஃபேன்களைத் துடைத்தான். மாமாவின் கண்ணாடிக் கடையைப் பற்றி நினைக்கவே அவனுக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

இப்படிப்பட்ட விஷயம் ரொம்ப நாள் மறைந்திருக்காது. இயக்குநர் அவனை அழைத்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"நீங்க யாருக்கும் தெரியாம சேவை செய்யறதா கேள்விப்பட்டேன்."

"சேவையெல்லாம் இல்ல சார். சீட்டு ஆடறோம்."

"ஒருத்தருக்கும் தெரியாம உதவி பண்றது ஒரு வகையில திருட்டு மாதிரி தம்பி. கல்லூரிக்குச் சேர வேண்டிய பேரை நீங்க எடுத்துட்டுப் போறீங்க. சரி, பயனாளிகள் கண்கலங்கினாங்களா?"

"இல்ல சார். திட்டினாங்க."

"பாத்தீங்களா? முறையா செஞ்சிருந்தா கலங்கியிருப்பாங்க. பேச்சு சரியா இருந்தா பத்தாவது நிமிஷமே கலங்கிடுவாங்க. நான் பாத்திருக்கேன்." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த நன்றியுரைப் பொண்ணு பதவியை ராஜினாமா பண்ணிட்டுச்சு. வெறும் உறுப்பினரா இருக்கப்போறாளாம். இந்த மையத்தோட வரலாற்றுல யாரும் கீழ்நோக்கி வளர்ந்ததில்லை. அவளைப் பாத்து பதாகை இணைச் செயலாளனும் கேக்கறான். எல்லாரும் உறுப்பினரானா தலைமைப் பண்பு என்ன ஆகும்?"

கம்புவுக்குப் பதில் தெரியவில்லை. இயக்குநருக்குத் தெரிந்திருந்தது. உறுப்பினர் என்பதையே ஒரு பதவியாக்கிவிட்டார். தலைமை உறுப்பினர். அதற்குக் கீழே துணைத் தலைமை உறுப்பினர்கள். கம்புதான் முதல் தலைமை உறுப்பினர். மதிப்பீட்டுக் குழு வரும் சனிக்கிழமை, சேவை மாநாட்டு மேடையில் அவனுக்குப் பட்டை அணிவிப்பார்கள். தனக்குக் கிடைத்த சமூகத்தையும் நோக்கத்தையும் பற்றி அவன் பேச வேண்டும்.

"சனிக்கிழமை ஆட்டம் இருக்கு சார்."

"தேர்வும் இருக்கு தம்பி" என்றார் இயக்குநர், சிரித்தபடியே.

கம்பு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பேசாமல் ஊருக்கே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. "போனா அவங்க என்னைத்தான் திட்டுவாங்க, ஏன் போக விட்டேன்னு" என்றாள் நன்றியுரை. அதனால் தங்கினான்.

மாநாடு நாளன்று ஒரு சிக்கல் முளைத்தது. கல்லூரியில் எல்லோரும் பொறுப்பாளர்கள். பொறுப்பாளர்கள் எல்லோரும் மேடையில். மேடை போதாமல் நீட்டிக் கட்டியிருந்தார்கள். கீழே உட்கார ஆள் இல்லை. இயக்குநர் கொஞ்சமும் தயங்காமல் பேருந்தை அனுப்பி, முதியோர் இல்லத்தையே அள்ளிக்கொண்டு வரச் சொன்னார். கண்டக்டர் முதல் வரிசைக்கு வந்து, பழக்கதோஷத்தில் எல்லோரும் ஏறியாயிற்றா என்று எண்ணிவிட்டு உட்கார்ந்தார். மதிப்பீட்டுக் குழுவின் தலைவி, கண்டிப்பான முகமுள்ள பெண்மணி, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். கம்புவும் நன்றியுரையும் மேடையில் கடைசி வரிசையில்.

இயக்குநர் பேசினார். "இந்த மையம் தொடங்கினப்ப இங்க வெறும் மாணவர்கள்தான் இருந்தாங்க. இன்னைக்குத் தேடினாலும் ஒரு மாணவர் கிடைக்கமாட்டார். அத்தனை பேரும் தலைவர்கள். அதுக்கு இந்தப் பெரியவங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். இவங்களை வீட்டுல நல்லா வச்சிருந்தா, எங்க மாணவர்களுக்கு வாழ்க்கையில நோக்கமே கிடைச்சிருக்காது. இனிவரும் வருஷங்கள்ல இன்னும் நிறைய பெரியவங்க இவங்களை மாதிரி…" என்று சொல்லிவந்தவர், வாக்கியம் போகும் திசையைக் கண்டு, "நீடூழி வாழணும்" என்று திருப்பினார். மேடை கைதட்டியது.

பிறகு கம்புவுக்குப் பட்டை போட்டார்கள். ஒலிபெருக்கியை எவ்வளவு உயர்த்தியும் அவன் வாய்க்கு எட்டவில்லை. குனிந்தான்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றான். கீழே பார்த்தான். முதல் வரிசையில் கண்டக்டரும் பல் டாக்டரும் தட்டச்சம்மாவும் நடுவில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன்மேல் சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டச்சம்மா நிமிர்ந்து, "என்ன, வரியா இல்லையா?" என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

"அவங்களுக்கு ஒரு கை குறையுது" என்றான் கம்பு. "நான் போகட்டுமா சார்?"

இயக்குநர் போகலாம் என்று சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அதற்கு விதி எதுவும் இல்லை. கம்பு படிக்காகக் காத்திருக்காமல் மேடையிலிருந்து ஒரே எட்டில் கீழே இறங்கினான். பட்டை இடறியது. கழற்றி நாற்காலியின் மேல் விரித்தான். சீட்டு வழுக்காமல் இருக்க வசதியாக இருந்தது.

அடுத்த வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்றார். "எங்க கிட்டயும் கட்டு இருக்கு. ரெண்டு கை வேணும்." நன்றியுரை போனாள், கூடவே பதாகை இணைச் செயலாளன். "இங்க ஒரு ஆள்" என்றது இன்னொரு குரல். இருக்கை ஒருங்கிணைப்பாளன் இறங்கிப்போய், வாழ்க்கையில் முதல் முறையாக இருக்கைகளை ஒருங்கிணைத்தான். தலைவன் கொஞ்ச நேரம் உறுதியாக உட்கார்ந்திருந்தான். பிறகு, "எனக்கு ஓரளவு ஆடத் தெரியும்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே அவனும் இறங்கினான். யாரோ அவனைப் பெயர் என்ன என்று கேட்டார்கள், எந்த ஊர் என்று கேட்டார்கள். அவன் பதவியை யாரும் கேட்கவில்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிப்போக, மேடையில் இயக்குநர் மட்டும் நின்றார். மதிப்பீட்டுக் குழுவின் தலைவி திரும்பி அவரைப் பார்த்தாள். கண்டக்டர் கொஞ்சம் கால் நீட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, தன் சீட்டுகளை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"இந்த உயரமான பையன் யாரு சார்?"

"எங்க தலைமை உறுப்பினர் மேடம்" என்றார் இயக்குநர் நொடியும் யோசிக்காமல். "முழுக்க எங்க மையத்தோட தயாரிப்பு. சமூகம், நோக்கம் ரெண்டுமே அடைஞ்சாச்சு. நாங்க கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசினோம்."

"நல்லது" என்றாள் அவள். "துருப்பு என்னன்னு சொன்னீங்க?" அந்தக் கேள்வி இயக்குநரிடம் கேட்டதல்ல.

இயக்குநர் மிச்சப் பேச்சைப் பேசி முடித்தார். குரல் ஆளில்லாத மேடையில் நன்றாக எதிரொலித்தது. "கேள்வி ஏதாவது?" என்று கேட்டார். கீழே யாரோ சீட்டை ஓங்கி அடித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். தன்னைப் பார்த்துத்தான் என்று நினைத்து அவரும் சிரித்தார். பிறகு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். அந்தச் சிரிப்பு இல்லாமல் அவர் முகம் சாதாரணமாக, களைத்துப்போனதாக இருந்தது.

பக்கவாட்டுப் படி வழியாக இறங்கி, நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு கம்பு இருந்த இடத்துக்கு வந்து நின்றார். யாரும் நிமிரவில்லை.

"எனக்கு ஆடத் தெரியாதே" என்றார்.

தட்டச்சம்மா கையிலிருந்த சீட்டுகளை விசிறியாக விரித்தபடி, காலால் ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"பரவாயில்ல, உக்காந்து பாருங்க" என்றாள். "பேச மட்டும் கூடாது."